எறும்புக்குத் தெரிந்தது

ஜூன் 9, திங்கள்

பள்ளிக்கூடம் திறந்ததால் என் ஃபேன்சி ஸ்டோரில் ரிப்பனும் ஹேர்பின்னும் பறந்தன. எதிரே பந்தல் போட்டு இலவசமாகச் சுகர் பார்த்தார்கள். நான் எண்பத்தெட்டு கிலோ. மிஷினோ சுகர் தொண்ணூற்று நாலுதான் என்றது. குத்தின பெண் நம்பாமல் இன்னொரு விரலிலும் குத்தினாள். அதிலும் அதேதான். எனக்கு ஒரே பெருமை. என் வீட்டுக்காரர் குடும்பத்தில் எல்லாரும் கம்பந்தட்டை மாதிரி இருப்பார்கள். இவர் அக்கா அன்னக்கிளி மதினிக்கு என்னைப் பார்க்கும்போதெல்லாம் "சீனி வியாதி ஒனக்குத்தான் வரும்ட்டி" என்று சொல்லாவிட்டால் தூக்கம் வராது. இனி சொல்லட்டும் பார்ப்போம்.

மகள் அபிதா ஸ்கூலுக்குப் போன பிறகு பாத்ரூமைக் கழுவப் போனேன். மூலையில் கட்டெறும்பு வரிசை. வெந்நீரை ஊற்றினேன்.

ஜூன் 12

மறுபடியும் அதே மூலை. அடுக்களையில் சீனி டப்பா மூடாமல் கிடக்கிறது, அங்கே ஒன்றுகூட இல்லை.

ஜூன் 15, ஞாயிறு

மதினி வந்திருந்தாள். வரும்போதே பினாயில் வாசம் வரும். அவள் வீட்டு பாத்ரூமில் சோறு போட்டுத் தின்னலாம், அவ்வளவு சுத்தம். நான் வெந்நீர்ச் சட்டியோடு நிற்பதைப் பார்த்தவள் என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள்.

"ஊத்தாதட்டி. வந்தவங்கள அப்படிச் செய்யப்புடாது."

எறும்பை யாராவது 'வந்தவங்க' என்பார்களா? சிரிக்கத்தான் போனேன். அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு வரவில்லை.

"கடைசியா யாரு இதுக்குள்ள போனா?"

"அபிதான், மதினி."

மதினி பச்சரிசி மாவில் சீனி கலந்து, கொல்லைச் சுவரோரம் இருக்கிற புற்றுக்கு எடுத்துப் போய்ப் போட்டாள். திரும்பி வந்து குரலை இறக்கிச் சொன்னாள்:

"எங்க அப்பாவுக்கும் இப்படித்தான் வந்தாங்க. எங்க பேச்சிராஜாவுக்கும் வந்தாங்க. அழைப்பு வந்துட்டுன்னா பொறவு தாகம், மெலிச்சல், அவ்வளவுதான். பிள்ளைட்ட மட்டும் வாயத் தொறந்துராத. யாருக்கு வந்திருக்கோ அவுககிட்ட சொல்லப்புடாது. சொன்னா வெரசலா கூட்டிட்டுப் போயிருவாங்க."

பேச்சிராஜா இவருக்கு அண்ணன். நான் கல்யாணமாகி வருவதற்கு முன்பே, முப்பது வயதில் இறந்தவர். காய்ச்சல் என்றுதான் எனக்குச் சொல்லியிருந்தார்கள்.

என் பிள்ளைக்குப் பதின்மூன்று வயது! எதைச் சொல்கிறாள் இவள்?

ஜூன் 16

இவரிடம் கேட்டேன். சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், வாயில் வைக்கவில்லை.

"அண்ணனுக்கு வந்தத நான் பாத்தேன். பத்தாங்கிளாஸ் படிக்கேன் அப்போ. சொல்லப்புடாதுன்னு அக்கா சொன்னா. சொல்லல."

கை கழுவிவிட்டு பாத்ரூம் போனார். வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. கரண்ட் ஆபீஸில் கம்பம் ஏறுகிற மனுஷனுக்கு இவ்வளவு சுத்தமா என்று அக்கம்பக்கத்தில் பெருமை பேசியிருக்கிறேன். இன்று அந்தச் சத்தம் நிற்கிற வரைக்கும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

ஜூன் 18, புதன்

அபியை இங்கே ஊர் லேபுக்குக் கூட்டிப் போனேன். வெறும் வயிற்றில் எண்பத்தாறு. டாக்டர் சிரித்துவிட்டார். "ஒல்லிப் பிள்ளைக்கு என்னம்மா சுகரு? நீங்க ஒங்க ஒடம்பக் கொறைங்க."

திட்டு வாங்கியும் சந்தோஷமாக இருந்தது. வரும் வழியில் ஆளுக்கொரு லட்டு தின்றோம்.

சாயங்காலம் பாத்ரூமில் எறும்பு.

யாரை நம்ப? மிஷினையா, இதுகளையா?

ஜூன் 20, வெள்ளி

எனக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்றுதான் நினைப்பார்கள். பரவாயில்லை. மூன்று தேங்காய்ச் சிரட்டை எடுத்தேன். அபியிடம் டாக்டர் மூத்திரம் கேட்டதாகப் பொய் சொன்னேன். இவரிடம் பொய் எதுவும் சொல்லவில்லை, சிரட்டையை நீட்டினேன். ஒரு வார்த்தை கேட்காமல் வாங்கிக்கொண்டார். சாக்பீஸால் பெயர் எழுதி மூன்றையும் புற்றுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுக் கடைக்குப் போனேன்.

மதியம் வந்து பார்த்தேன். 'அபி' கறுப்பாக இருந்தது. சிரட்டை தெரியவில்லை, எறும்புதான் தெரிந்தது. 'அவர்' அதைவிடக் கறுப்பு. என்னுடையது நடுவில் இருந்தது. வரிசை அதன் பக்கமாக வந்து, ஒதுங்கி, சுற்றிக்கொண்டு போனது. எண்பத்தெட்டு கிலோ இருக்கிறேன், என்னை ஒன்றுகூட எட்டிப் பார்க்கவில்லை.

சத்தமே இல்லை. ஆனாலும் என்னவோ பேசிக்கொள்கிற மாதிரி இருந்தது. யார் யார் என்று பெயர் சொல்லிக் கணக்கெடுக்கிற மாதிரி.

இவர் பின்னால் வந்து நின்றதே தெரியவில்லை. "எனக்கு ரெண்டு வருசமா தெரியும், அனு" என்றார்.

அடிக்க வேண்டும் போல வந்தது. கட்டிக்கொண்டு அழுதேன்.

ஜூன் 24

திருநெல்வேலி போனோம். டாக்டர் பெனிட்டா, என்னைவிடச் சின்னப் பெண். எறும்புக் கதையை வெட்கத்தை விட்டுச் சொன்னேன். சிரட்டையையும் சொன்னேன். சிரிக்கவில்லை. பேனாவை வைத்துவிட்டு, "இன்னொரு தடவ சொல்லுங்க" என்றார்.

அபிக்கு ரத்தத்தில் சுகர் இல்லை. மூத்திரத்தில் இருக்கிறது! இவருக்கு ரத்தத்திலேயே முந்நூற்றுப் பத்து.

டாக்டர் ஒரு தாளில் குடும்பத்தை வட்டம் வட்டமாகப் போட்டார். மாமனார், பேச்சிராஜா, இவர், அபி. எனக்குப் புரிந்த அளவில் எழுதி வைக்கிறேன். ஊரெல்லாம் வருகிற சுகருக்குப் பரம்பரையில் சின்னச் சின்னக் காரணம் நூறு இருக்கும். அதோடு தொப்பை, தீனி, உட்கார்ந்தே கிடப்பது எல்லாம் சேர வேண்டும். இது வேறு ஜாதியாக இருக்கலாமாம். ஒரே ஒரு ஜீனில் பிழை. ஒல்லி, குண்டு பார்க்காது. அப்பாவுக்கோ அம்மாவுக்கோ இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. ரத்தத்தில் சீனி ஏறுவதற்கு வெகு முன்னாலேயே சிறுநீரகம் சீனியைக் கசியவிட்டுவிடுமாம்.

"லேபுக்குத் தெரியிறதுக்கு முன்னாடி எறும்புக்குத் தெரிஞ்சிருக்கு" என்றார்.

ஜீன் பார்க்க இரண்டு பேரிடமும் ரத்தம் எடுத்தார்கள். முடிவு வரும்வரை இவருக்கு ஊசி. கிளம்பும்போது என்னையும் விடவில்லை. "ஒங்களுக்கு இன்னைக்கு இல்ல. வயித்துக் கொழுப்பு இப்படியே இருந்தா என்னைக்கும் இல்லன்னு சொல்ல முடியாது." என் பெருமையும் போச்சு.

ஜூலை 6

இன்னும் முடிவு வரவில்லை. அபி இரண்டு முறை தண்ணீர் குடித்தாலே மூன்றாவது தடவையும் வருகிறாளா என்று எண்ணிக்கொண்டு நிற்கிறேன்.

ஜூலை 13, ஞாயிறு

அபியோடு படிக்கிற ஜஸீமாவின் அம்மா கடைக்கு வந்து ஒரு பையை நீட்டினார். "ஒங்க பிள்ள எம்மவளுக்கு குடுத்திருக்கு, தெரியுமா ஒங்களுக்கு?" உள்ளே அபியின் கலர் பேனா செட், ஜாமெட்ரி பாக்ஸ், போன பிறந்த நாளுக்கு வாங்கின கைக்கடிகாரம்.

வீட்டுக்கு வந்து கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டே சொன்னாள்.

"அத்தை சொன்னது ஜன்னல் வழியா கேட்டுச்சும்மா. அதுக்கு முன்னாடியே ஸ்கூல் பாத்ரூம்லயும் எறும்பு வரும். தண்ணி ஊத்திட்டு வந்துருவேன். நீ பயப்படுவியேன்னு சொல்லல."

அடப் பாவி மக்கா. ஒரு மாசமா செத்துப் போகப் போறோம்னு நெனச்சுக்கிட்டா ஹோம்வொர்க் எழுதுன? பொருளையெல்லாம் பிரிச்சுக் குடுத்துட்டா இருந்த? நான் எங்க போயி முட்டிக்கிட?

மடியில் போட்டுக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். ஜீன், வட்டம், பாதிக்குப் பாதி, ஒன்று விடவில்லை. மதினி சொன்னது பலித்துவிடுமோ என்று ஒரு பக்கம் நடுங்கிக்கொண்டேதான் சொன்னேன். அழுதாள். அப்புறம், "அப்ப கடிகாரம் எனக்கேவா?" என்று கேட்டாள்.

ஜூலை 21

முடிவு வந்துவிட்டது. இரண்டு பேருக்கும் இருக்கிறது.

ஆனால் இவருக்கு ஊசியை நிறுத்திவிட்டார்கள். இந்த வகைக்கு ஒரு பழைய மாத்திரை, சின்ன அளவே கேட்குமாம். அபிக்கு இப்போது மருந்தே வேண்டாம், விடாமல் பரிசோதனை மட்டும். ஏறினால் அதே மாத்திரை. "பேச்சிராஜாவுக்கு இது கிடைச்சிருந்தா?" என்று கேட்டார் இவர்.

பஸ்ஸில் ஊர் வரும்வரை இவர் ஜன்னல் பக்கமே திரும்பி இருந்தார்.

ஜூலை 29, செவ்வாய்

கோயிலில் ஆடித் தபசுத் திருவிழாவுக்குக் கொடி ஏறிவிட்டது. கடையை விட்டு நகர முடியவில்லை. மத்தியானம் சாப்பிட வந்தால் கொல்லைப்படியில் மதினி, கையில் மாவுக் கிண்ணத்தோடு. கோயில் உண்டியலில் போட வெள்ளியில் பாம்பு உருவும் வாங்கி வந்திருந்தாள். அபியிடம் சொல்லிவிட்டேன் என்றதும் எகிறிவிட்டாள்.

"வாய வச்சிட்டுச் சும்மா இருக்க மாட்டியாட்டி? எம்மவன் தொரைப்பாண்டி மெட்ராசுல கம்பு மாதிரி இருக்கான். ஏன்? நான் யாரப் பத்தியும் வாய் தொறந்ததில்ல."

அப்போதுதான் அவள் காலைப் பார்த்தேன். புற்றிலிருந்து ஒரு வரிசை புறப்பட்டு, படியில் ஏறி, அவள் குதிகாலுக்குப் போகிறது. குதிகாலில் வெடிப்பு. வெடிப்புக்குள் நுழைகின்றன. வேறு சில வெளியே வருகின்றன. மதினி கையை ஆட்டி ஆட்டி என்னைத் திட்டிக்கொண்டே இருக்கிறாள். காலை அசைக்கவே இல்லை. வலிக்கவில்லை அவளுக்கு! கட்டெறும்பு!

"மதினி, காலு."

குனிந்து பார்த்தாள். எறும்பைப் பார்த்து அவள் திடுக்கிடவில்லை. விரலால் வெடிப்பை அழுத்தினாள், இன்னும் பலமாக அழுத்தினாள். பிறகுதான் முகம் மாறியது.

"ஒண்ணுமே தெரியலயேட்டி."

அந்தப் பினாயில் வாசம் எதற்கு என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. எத்தனை வருஷமாகக் கழுவிக்கொண்டிருந்தாளோ! "எந்தம்பி மணிக்கும் தெரியும். நெதம் பினாயில் வாங்கித் தந்ததே அவன்தான். அவனுக்கு வந்தது எனக்கும் தெரியும். நாங்க ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கிடல" என்றாள்.

கிண்ணத்தை வாங்கிக் கீழே வைத்துவிட்டு ஆட்டோவைக் கூப்பிட்டேன்.

ஜூலை 30

மதினியை அட்மிட் செய்திருக்கிறார்கள். சுகர் நானூற்றுக்கு மேல். புண் எலும்புவரை போகவில்லை, கால் தப்பும் என்கிறார்கள்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

தபசு முடிந்து ஊர் அடங்கிவிட்டது. மதினி காலில் கட்டோடு எங்கள் வீட்டுக் கட்டிலில் இருக்கிறாள். குதிகாலில் கொஞ்சம் சதையை வெட்டி எடுத்ததோடு போயிற்று. அவளுக்கும் அதே ஜீன்தான். காலையில் என்னையும் அபியையும் நடக்கப் போகச் சொல்லி விரட்டுகிறாள். நான் ஒன்றரைக் கிலோ குறைந்திருக்கிறேன், அவள் நம்பவில்லை.

பத்து மணிக்கு மகனுக்குப் போன் போட்டுத் தரச் சொன்னாள். ஸ்பீக்கரில் போட்டேன். துரைப்பாண்டி இருப்பது ஒன்பதாவது மாடி. தூசிகூட வராது என்று வீடியோவில் காட்டுவான். கால் எப்படி இருக்கிறது என்று அவன் கேட்டதும் மதினி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏலே, ஒங்க பாத்ரூம்ல எறும்பு வருதா?"

அந்தப் பக்கம் கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது.

"ஒனக்கு எப்படிம்மா தெரியும்?" என்றான்.