மீதிப் பாட்டைக் கேட்டு விடுத்த ஓலை

ஏழு குன்றும் இரண்டரை ஆறும் உடைய செங்கழனி நாட்டின் தலைமை அமைச்சன் கூடலங்கிழான், உப்பு விற்கும் உப்பங்கரை உமணரின் தலைவரும், நம் ஆவணங்களில் நேற்றுவரை பாட்டுக்கள்வன் என்றும் இன்று காலைமுதல் பண்காத்த பெருமகனார் என்றும் வழங்கப்பெறுபவருமாகிய அழிசியார்க்கு விடுக்கும் ஓலை. உம் உப்பு மழையில் கரையாதிருக்க. உம் எருதுகள் கால் நோகாதிருக்க.

நம் வேந்தர் மறைந்தார். முடிசூட்டுப் பாட்டின் இருபத்துநான்கு அடியும் பாடப்பெறாமல் இளங்கோவின் தலையில் முடி இறங்கலாகாது என்பது இந்நாட்டு மரபு. சித்திரை முழுநிலவுக்குள் இறங்காவிடில் அரியணை, எல்லையில் படையோடு நின்று துக்கம் விசாரிக்கும் சிற்றப்பனாருக்குப் போகும்.

பாட்டு எங்கே என்று கேட்பீர். நாட்டிலுள்ள பாட்டெல்லாம் பண்டசாலை வணிகருக்கே உரியன என்று வேந்தர் பட்டயம் அளித்ததை நீர் அறிவீர். அப்பட்டயத்தை எழுதியவன் நானே, நடை நன்றாக இருப்பதாகப் பலரும் பாராட்டினர். அதன்படி தாலாட்டு வாங்கியவர் வீட்டில் ஓலைக்கட்டு இருக்கும். ஆனால் ஒவ்வொரு முறையும் அதைப் பிரிக்க வணிகரின் முத்திரைக்காரர் வரவேண்டும். அவர் வந்து, உண்டு, கைகழுவுவதற்குள் குழந்தை தானே உறங்கிவிடும். நீரோ உப்பு இறக்கிய ஊர்தோறும் பாடிவிட்டுப் போனீர். மக்கள் எளியதை எடுத்துக்கொண்டார்கள்.

இதைக் கண்டு வணிகர் தலைவர் மாநாய்கர் தம் வழக்கத்தை மாற்றிக்கொள்வார் என்று நினைத்தேன். அவர் உம் எருதுகளின் கழுத்துமணி தாளம் போடுவதாக முறையிட்டார். மணிகளை அறுத்தோம். உம்மை நாடு கடத்தினோம். கிணற்றடியில் முடிசூட்டுப் பாட்டை முணுமுணுத்த உம் மனைவி நக்கண்ணையாரைச் சிறையிலிட்டோம். ஆண்டு ஆறு ஆயிற்று.

சென்ற வாரம் பண்டசாலையைத் திறந்தோம். ஓலைக்கு ஆண்டுதோறும் எண்ணெய் பூசவேண்டும். பூசுகிறவன் படித்துவிடுவான் என்று அஞ்சி, மாநாய்கர் ஒன்பது ஆண்டுகளாக யாரையும் உள்ளே விடவில்லை. கரையான்கள் அவரிடம் அனுமதி கேட்கவில்லை. பூட்டு மட்டும் பழுதின்றி இருந்தது. மாநாய்கர் ஒரு கை புழுதியை அள்ளிப் பார்த்து, களவு ஏதும் போகவில்லை என்று நிறைவோடு அறிவித்தார்.

சென்ற முடிசூட்டில் பாடிய பாணர்கள் இறந்தனர். கேட்டவர்கள் தண்டனைக்கு அஞ்சி மறந்தனர். அன்று மடைப்பள்ளிக்கு உப்பு கொண்டுவந்து, கதவோரம் நின்று ஒரே முறை கேட்ட நீர் மறக்கவில்லை.

ஆகவே முதலில் சிறைக்குச் சென்றேன். நக்கண்ணையார் எழுந்திருக்கவில்லை.

“வாங்க அமைச்சரே. பாடினதுக்கு ஆறு வருஷம் போட்டீங்க. இப்ப பாடச் சொல்றீங்களே, இதுக்கு எத்தனை வருஷம்?”

எத்தனை அடி தெரியும் என்று கேட்டேன். நீர் பன்னிரண்டு அடி கற்பித்த நிலையில் காவலர் வந்து உம்மைப் பிடித்ததாகவும், அவ்வளவே தமக்குத் தெரியும் என்றும் கூறினார்.

“மீதி அந்த மனுசன்கிட்ட இருக்கு. வேணும்னா அவரைக் கூப்பிடுங்க. பாதியில நிறுத்தினது நீங்கதான்.”

அப்பன்னிரண்டு அடியையும் சிறையிலுள்ள அனைவரும் அறிவர். நான் திரும்புகையில் காவலன் ஒருவன் அதைப் பாடியபடியே கதவைப் பூட்டினான். அது அவனிடமிருந்து ஊருக்குப் போய் நாளாயிற்று என்று அறிந்தேன். மாநாய்கரிடம் சொல்லவில்லை.

முழுப்பாட்டும் உம்மிடம் இருக்க அவளை விடுவிப்பானேன் என்று மாநாய்கர் அவையில் வினவினார். அவரின்றி நீர் வரமாட்டீர் என்றேன். வரும் வெள்ளியன்று நக்கண்ணையார் பனைத்துறையில் விலங்கின்றி நிற்பார். அறுத்த மணிகளும் அவர் கையில் இருக்கும்.

இனி மாநாய்கர் விதித்தவை. நீர் பாடும்போது எவரும் கற்றுக்கொள்ளாதபடி, அவையோர் ஐயாயிரவரும் செவியில் மெழுகு அடைத்துக்கொள்ள வேண்டும். இளங்கோவும் அடைத்துக்கொள்ள வேண்டுமாம். பாட்டு முடிந்ததும் உம்மைச் சிறைப்பிடிக்க வேண்டும். அவ்வாணையையும் நானே எழுதினேன். முறையின்றிப் பாடும் வாயைப் பிடிக்க என்று எழுதினேன், உம் பெயரைக் குறிக்கவில்லை. ஐயாயிரம் வாய் பாடினால் எதைப் பிடிப்பது என்று காவலர் என்னைத்தான் கேட்கவேண்டும்.

மெழுகு வழங்கும் பொறுப்பு என்னுடையது. விழா சித்திரை உச்சிப்பொழுதில், கூரையில்லாத முற்றத்தில். அவ்வெயிலில் மெழுகு எவ்வளவு நேரம் நிற்கும் என்று மாநாய்கர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அவர் ஓலைகளைப் படிப்பவரல்லர், கட்டிவைப்பதோடு சரி. ஆதலால் இதை அச்சமின்றி எழுதினேன்.

அரச முத்திரையிட்டு ஆணையிடுவது யாதெனில்: நக்கண்ணையாரை அழைத்துக்கொண்டு வருக. ஊரறிந்த முற்பாதியை மெல்லப் பாடுக, மெழுகு உருகட்டும். மீதியை உரக்கப் பாடுக.