துண்டுக்குள் கத்திய மாமியார்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே உன் அப்பாவின் குறட்டை முதல்கொண்டு எல்லாம் ஓடிக்கொண்டிருக்கிறது, அங்கே நீயும் வேளைக்குச் சாப்பிட்டு சுகமாக இருக்க வேண்டும். உன் மகளுக்கு நேற்று நல்ல காய்ச்சல், இன்று காலையில் இறங்கியிருக்கிறது, பதறாமல் உட்கார்ந்து படி. போனில் உன் குரலைக் கேட்டால் அழுதுவிடுவேன், காகிதத்தில் அழுதால் உனக்குத் தெரியாது பார். பக்கத்து வீட்டு டிரைவர் நாளை அந்தப் பக்கம் வருகிறார், அவர் கையில்தான் கொடுத்தனுப்புகிறேன்.

அப்பா வேலை பார்க்கும் கழிவுநீர் நிலையத்தில் புது மெஷின் வந்ததைச் சொன்னேன் இல்லையா. முன்பெல்லாம் சுத்தம் செய்த தண்ணீரை பாட்டிலில் பிடித்து சோதனைக்கு அனுப்பினால், பதில் வருவதற்குள் அந்தத் தண்ணீரைப் பூங்காச் செடிகள் குடித்து முடித்திருக்கும். இது குழாயிலேயே உட்கார்ந்துகொண்டு சில நிமிஷத்தில் சொல்லிவிடும், கிருமி கூடினால் சிவப்பு விளக்கு எரிந்து கத்தும். தூசி வந்தாலும் கத்துகிறது என்று உன் அப்பாவும் கூட்டாளிகளும் அதற்கு மாமியார் என்று பெயர் வைத்து, தலையில் துண்டைப் போட்டு மூடிவிட்டார்கள். என் மாமியாரை நான் அப்படி மூடியிருந்தால் விட்டிருப்பாரா இந்த மனுஷன்?

முந்தாநாள் சாயங்காலம் உன் குட்டியோடு அப்பாவுக்குச் சாப்பாட்டு டப்பா கொண்டுபோனேன். அவள் பக்கத்துப் பூங்காவில் தண்ணீர் தெளிக்கும் குழாய்க்கு ஓடிவிட்டாள். நான் கை துடைக்க மெஷின் மேல் கிடந்த துண்டை எடுத்தேன், அடியில் சிவப்பு விளக்கு, மோட்டார் இரைச்சலில் அது கத்திக் கத்தி ஓய்ந்துபோன மாதிரி இருந்தது. கிருமியைக் கொல்லும் மருந்து விடுகிற பம்பு நின்றே போயிருக்கிறது. நான் போட்ட சத்தத்தில் அப்பா பூங்காவுக்குத் தண்ணீர் போகும் வால்வை மூட ஓடினார், அது இறுகிக்கிடந்தது, இருவரும் தொங்கித்தான் மூடினோம். வெளியே வந்தால், உன் மகள் வாய் நிறையப் பிடித்த தண்ணீரை என் மேல் துப்பிவிட்டுச் சிரிக்கிறாள். எவ்வளவு விழுங்கினாளோ.

நேற்று காய்ச்சலோடு தூக்கிக்கொண்டு போனதும் டாக்டரம்மா வயிற்றுப்போக்கு வருகிறதா பார், நாளைக்கும் கூட்டிக்கொண்டு வா என்றார். அப்பா அவள் நெற்றியில் வைத்த கையை எடுக்கவே இல்லை, உங்க கைச்சூட்டிலேயே காய்ச்சல் வந்துடும் என்றேன், சிரிக்கவில்லை. இன்று வேலைக்குப் போன இடத்தில் மெஷின் மறுபடி கத்தியதாம். எழுந்து ஓடி முதலில் வால்வை மூடிவிட்டு, அதன் முன்னால் வந்து நின்று, "சொல்லுங்க அத்தை" என்றாராம். கூட்டாளிகள் ஒருத்தரும் சிரிக்கவில்லையாம்.

நீ எந்தக் குறையும் இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும். அப்பாவைப் போனில் திட்டாதே, அதற்கு நான் இருக்கிறேன். தண்ணீரைக் காய்ச்சிக் குடி.

துண்டைப் பெட்டியில் பூட்டிவிட்ட
உன் அம்மா