வலது தோள்

மார்ச் 3

அன்புத் தங்கச்சிக்கு,

நாங்கள் நலம். நீயும் மாப்பிள்ளையும் நலம்தானே? நானாக எழுதினால்தான் உனக்கு அண்ணன் ஞாபகம் வரும் போல.

வலது தோளில் இருந்த வீக்கம் மூன்றே மாதத்தில் எலுமிச்சை அளவாகிவிட்டது. சலூனில் கத்தரியைக் கீழே வைத்த பிறகும் வலி நிற்பதில்லை. எக்ஸ்ரே படம் பார்த்த டாக்டர், சாதாரணக் குருத்தெலும்புக் கட்டிதான், சுரண்டி எடுத்துவிடலாம் என்கிறார். இருபதாம் தேதிக்கு நாள் குறித்திருக்கிறது. கவலைப்படாதே.

அண்ணன்

மார்ச் 9

அன்புள்ள அண்ணா,

கவலைப்படாமல் இருக்க நான் என்ன கல்லா? ஆஸ்பத்திரி லேபில், நோயாளிகளின் சதையை மெல்லியதாகச் சீவிப் பரிசோதனைக் கண்ணாடியில் ஏற்றுவதுதான் பன்னிரண்டு வருடமாக என் வேலை. சாதாரணக் கட்டி இந்த வேகத்தில் வளராது. சுரண்ட விடாதே, கெட்டது இருந்தால் சுற்றிலும் சிதறிவிடும். எலும்புப் புற்றுநோய் பார்க்கும் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போ. அறுவை செய்யப்போகிறவரே முதலில் ஊசியால் துளி சதை எடுத்துப் பார்க்கட்டும். பழைய டாக்டர் கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

உன் பிடிவாதக்காரி

மே 2

தங்கச்சிக்கு,

நீ பயந்தது சரி. குருத்தெலும்பில் வரும் புற்றுநோயாம். அதிலும் அபூர்வமான, வெறிகொண்டு வளரும் ரகம். முதல் ஊசியில் கட்டியின் சாதுவான பக்கம்தான் சிக்கியது. பெரிய டாக்டர் திருப்தியில்லாமல் வேறிடத்தில் மறுபடி எடுத்தபோதுதான் தெரிந்தது. நெஞ்சுக்குப் பரவவில்லை.

"கையை எடுத்துடுவீங்களா?" என்று கேட்டேன்.

"நரம்பு தப்பிச்சிருக்கு. எலும்பைத்தான் எடுக்கப்போறேன். கை உங்களோடதான்" என்றார்.

முதலில் மருந்து ஏற்றுகிறார்கள். முடியெல்லாம் கொட்டிவிட்டது. மொட்டைத்தலை சலூன்காரனிடம் யார் வருவார்கள் என்று உன் அண்ணி சிரிக்கிறாள். பிறகு சமையலறைக்குப் போய் அழுகிறாள்.

அண்ணன்

ஜூலை 21

அண்ணா,

அண்ணி போனில் சொன்னாள். அறுவையில் எடுத்த எலும்பின் ஓரமெல்லாம் சுத்தமாம், ஒரு கெட்ட அணுகூட மிச்சமில்லையாம். அந்த வார்த்தையின் அருமை எனக்குத் தெரியும். வேலையிடத்தில் நின்றபடியே அழுதுவிட்டேன். பக்கத்து மேஜைக்காரி பயந்து தண்ணீர் கொடுத்தாள். கைப்பயிற்சியில் ஏமாற்றாதே.

தங்கை

இரண்டு வருடம் கழித்து, ஆகஸ்ட் 30

என் தங்கமே,

இந்த முறையும் நெஞ்சுப் படம் சுத்தம். இனி ஆறு மாதத்துக்கு ஒருமுறை வந்தால் போதுமாம். தோளுக்குள் உலோக எலும்பு. கை தோளுக்கு மேல் எழும்பாது. அதனால் சலூன் நாற்காலியின் கால்களை அறுத்துத் தாழ்த்திவிட்டேன். விரல்கள் பழையபடி ஓடுகின்றன. நீ அன்று எழுதியிருக்காவிட்டால் கையும் இல்லை, நானும் இல்லை.

நேற்று பெரிய டாக்டரே முடிவெட்ட வந்தார். என் தோளைத் திறந்து எலும்பையே எடுத்த மனிதர், காதருகே கத்தரி போனதும் கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

"பயப்படாதீங்க டாக்டர், ரெண்டே நிமிஷம்தான்" என்றேன்.

உன் அண்ணன்