பன்னிரண்டு முடிச்சுக் கயிறு

பிப்ரவரி 9

அன்புத் தம்பிக்கு,

போனில் பேசினால் இரண்டாவது நிமிடத்தில் நீ வைத்துவிடுகிறாய், இல்லாவிட்டால் நான் வைத்துவிடுகிறேன். கடிதத்தை அப்படி நடுவில் துண்டிக்க முடியாது. அதனால் எழுதுகிறேன்.

இது உனக்கு என் வாயால் தெரிய வேண்டும். எங்கள் தெருக் கிணறு பற்றிய மனு நேற்று உன் அலுவலகத்துக்குப் போய்விட்டது. நூற்று நாற்பத்து மூன்று கையெழுத்து. முதல் கையெழுத்து என்னுடையது. மனு உன் மேல் இல்லை, தண்ணீர் கம்பெனி போட்ட ஆழ்துளைக் கிணற்றின் மேல். ஆனால் 'தெருக் கிணற்றுக்குப் பாதிப்பில்லை' என்று அறிக்கை எழுதிய பொறியாளர் நீதானே. நான் என்ன செய்ய?

நூலகத்தின் பின்னறையில் நடக்கும் என் ஞாயிறு வகுப்பு உனக்குத் தெரியும். தையற்காரர், நர்ஸ், பஸ் கண்டக்டர் என்று பதினோரு பேர். நம் தண்ணீரை நாமே அளக்கக் கற்றால்தான் நாளை வருகிறவர்களுக்கு மிச்சம் வைப்போம் என்று ஆரம்பித்தேன். மீட்டருக்கு ஒன்றாகப் பன்னிரண்டு முடிச்சுப் போட்ட பருத்திக் கயிறு, நுனியில் இரும்புக் குண்டு. அக்டோபரில் ஒன்பதாம் முடிச்சில் குண்டு தண்ணீரைத் தொட்டது. இப்போது பத்தரை. வாரா வாரம் இறங்குகிறது.

மாத்திரையை மறக்காதே.

அக்கா

பிப்ரவரி 15

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதத்துக்கு முந்தின நாளே விசாரணைக் கடிதம் வந்துவிட்டது. மார்ச் மூன்றாம் தேதி, திங்கட்கிழமை. அறிக்கை பொய் என்று முடிவானால் வேலை போகும். ஓய்வுக்கு இன்னும் மூன்று வருஷம்தான். வீட்டில் இன்னும் சொல்லவில்லை.

ஒன்று கேட்கிறேன், கோபப்படாதீர்கள். நாலு மாதத்தில் ஒன்றரை மீட்டர் என்றால் அக்கம்பக்கத்துக் கிணறுகள் இந்நேரம் கூச்சல் போட்டிருக்கும். அந்தக் கயிற்றை யாராவது அளந்து பார்த்தீர்களா?

தம்பி

பிப்ரவரி 18

தம்பிக்கு,

உனக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்தவள் நான். தினமும் உன் நகத்தைப் பார்த்த பிறகுதான் பள்ளிக்கு அனுப்புவேன், நினைவிருக்கிறதா? அதே கண்ணோடுதான் அந்தக் கயிற்றையும் பார்த்துக்கொள்கிறேன். குடிக்கிற தண்ணீரில் அழுக்கு இறங்கக் கூடாது என்று ஒவ்வொரு ஞாயிறும் நானே கொதிநீரில் முக்கி அலசி, வெயிலில் உலர்த்தி, சுருட்டி வைக்கிறேன். வேறு யாரையும் தொட விட்டதில்லை.

உன் வீட்டுக்காரி போன் செய்தாள். "அண்ணி, அவர் ஒரு வாரமா சரியாச் சாப்பிடல. கேட்டா எரிஞ்சு விழறாரு. உங்களுக்கு ஏதாவது தெரியுமா?" என்றாள். தெரியாது என்று பொய் சொன்னேன்.

அக்கா

பிப்ரவரி 22

தம்பி,

அளந்தேன்.

பன்னிரண்டு மீட்டர் இருக்க வேண்டிய கயிறு பதினொன்றே கால்கூட இல்லை. பதினொரு மீட்டர் நாலு சென்டிமீட்டர். சுருங்கியிருக்கிறது, சுருக்கியவள் நான். முடிச்சுகள் நெருங்கியதால்தான் எண் கூடியது. காய்ச்சல் பார்க்கும் கருவியை வெந்நீரில் முக்கிவிட்டு, ஊருக்கே காய்ச்சல் என்று அலறியவள் போல ஆகிவிட்டேன்.

நர்ஸிடம் ஸ்டீல் டேப் வாங்கிக் கிணற்றில் இறக்கினேன். ஒன்பது மீட்டர் அறுபத்தாறு. யாரிடமும் இன்னும் சொல்லவில்லை. நாளை வகுப்பு. சொன்னால் இனி யாரும் வர மாட்டார்கள். சொல்லாவிட்டால் உன் சோற்றில் நான் மண்ணைப் போட்டதாகும்.

இன்னொன்றும் இருக்கிறது. இறங்கியது ஒன்றரை மீட்டர் இல்லை. ஆனால் அக்டோபரில் கயிறு புதிது, அந்த ஒன்பது சரி; அப்படிப் பார்த்தால் அறுபத்தாறு சென்டிமீட்டர் இறங்கியிருக்கிறது. உன் அறிக்கையில் ஒரு சென்டிமீட்டர்கூட மாற்றமில்லை. நீ எந்தக் கயிறு வைத்து அளந்தாய்?

அக்கா

பிப்ரவரி 24

அன்புத் தம்பிக்கு,

நேற்றுச் சொல்லிவிட்டேன். கயிற்றையும் டேப்பையும் தரையில் பக்கத்தில் பக்கத்தில் விரித்து, நீங்களே படியுங்கள் என்றேன். கண்டக்டரும் இன்னொருவரும் எழுந்து போய்விட்டார்கள். மற்றவர்கள் கயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்புறம் தையற்காரர் பேசினார்:

"டீச்சர், புதுத் துணிய நனைச்சுக் காயப்போடாம நான் கத்திரியே வைக்க மாட்டேன். பருத்தி சுருங்கும்னு எங்கள ஒரு வார்த்தை கேட்டிருந்தா சொல்லியிருப்போமே. நீங்க எங்க கேட்டீங்க? சொல்லித்தான் கொடுத்தீங்க."

முப்பத்தாறு வருஷம் வகுப்பெடுத்தவளுக்கு இது போதும்.

மத்தியானத்துக்குள் எல்லாருமாகச் சேர்ந்து திருத்தம் எழுதினோம். முதல் வரியில் என் பிழை, இரண்டாவது வரியில் அறுபத்தாறு. இன்று காலை உன் அலுவலகத்தில் கொடுத்தாயிற்று. இனி டேப்பை வாரம் ஒருவராக இறக்குவது, எண்ணை இருவர் படிப்பது என்பது தையற்காரரின் ஏற்பாடு. என் வேலை நோட்டில் எழுதுவது மட்டும்.

நான் கேட்டதற்கு உன் பதில் இன்னும் வரவில்லை. தபால்காரர் தெருமுனையில் திரும்பும்போதெல்லாம் வாசலுக்கு வருகிறேன்.

அக்கா

பிப்ரவரி 28

அன்புள்ள அக்காவுக்கு,

எந்தக் கயிறு என்று கேட்டீர்கள். எந்தக் கயிறும் இல்லை. நான் உங்கள் கிணற்றுப் பக்கமே வரவில்லை. போன வருஷத்து எண்ணை மேசையில் உட்கார்ந்தபடியே எடுத்து எழுதினேன். நாற்பது கிணறு, ஒரு ஜீப், அதுவும் ஓடாது. காரணம் சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன்.

உங்கள் திருத்தம் என் மேசைக்கும் வந்தது. ஒன்றரை மீட்டர் தப்பு என்றானதும், என் அறிக்கை இனி தப்பிவிடும் என்று இங்கே எல்லாரும் கை குலுக்கினார்கள். நானும் குலுக்கினேன். வீட்டுக்கு வந்து அந்த முதல் வரியை மறுபடி படித்தேன். அதன் பிறகுதான் இவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

திங்கட்கிழமை விசாரணையில் சொல்லப்போகிறேன். என்ன ஆகும் என்று தெரியவில்லை. பயமாகத்தான் இருக்கிறது.

அதற்கு முந்தின நாள் ஞாயிறு. வகுப்பு எத்தனை மணிக்கு? டேப்பை இறக்குவது யார் முறையானாலும், எண்ணைப் படிக்கிற இருவரில் ஒருவனாக நான் நிற்கலாமா என்று தையற்காரரிடம் கேட்டுச் சொல்லுங்கள்.

நகம் வெட்டிக்கொண்டுதான் வருவேன்.

தம்பி