அரிசெலு டப்பாவைத் திறக்காதீர்கள்

ஏங்க,

சாதம் குக்கரில் இருக்கிறது, கோங்கூரா பச்சடி ஜாடியில். மின்னுவின் பருப்பு சாதத்தில் காரத்தைச் சேர்த்துவிடாதீர்கள்.

தெனாலியிலிருந்து உங்கள் அக்கா வெல்லப் பாகில் அரிசெலு சுட்டு எடுத்து வருகிறார். என் பஸ் டிப்போவுக்குத் திரும்பி, நான் வீடு வந்து சேரும்வரை அந்த டப்பாவைத் திறக்கக் கூடாது.

பெற்ற பெண் முதல் அடி வைத்ததை எனக்குச் சொன்னது எதிர்வீட்டு ராஜ்யலட்சுமி! குழாயடியில் எல்லார் முன்னாலும், "என்ன ஹைமா, மின்னு நடந்துட்டாளாமே, எங்க அரிசெலு?" என்றாள். நான் குடத்தோடு திருதிருவென்று முழித்தேன். உங்களைக் கேட்டால், "பஸ்ல டிக்கெட் கிழிச்சிட்டு டூட்டில இருக்கறவள எதுக்குத் தொந்தரவு பண்ணணும்னுதான்" என்கிறீர்கள். தெருவெல்லாம் தண்டோரா போட மட்டும் நேரம் இருந்ததா?

மின்னு முதன்முதலாகத் தவழ்ந்து வாசல்படி தாண்டியதற்கு வடை சாப்பிட்டேன். அப்பா உங்களை 'நான்னா' என்று கூப்பிட்டதற்கு, சர்க்கரையில் வார்த்த கிளி மிட்டாய் சாப்பிட்டேன். எனக்குப் பலகாரம்தான் கிடைக்கிறது. அவள் செய்த எதையும் நான் பார்த்ததில்லை.

அதனால் இன்று அவள் எழுந்து நின்றால் தூக்கி இடுப்பில் வைத்துக்கொள்ளுங்கள். அக்கா, "புள்ளைய இறக்கி விடேன்டா" என்று கத்தினாலும் விடாதீர்கள். சாயங்காலம் முறைப்படி அரிசெலுவைப் பரப்புவோம், அதன்மேல் என்னைப் பார்த்து நடக்கட்டும். உங்களிடம்தான் ஏற்கெனவே நடந்து வந்துவிட்டாளே.

ஹைமா

கேஸ் மூடியிருக்கிறேன், சாவி ஆணியில்.

கோபத்தில் நேற்று கேட்கவில்லை. நிஜமாகவே எதையும் பிடிக்காமலா நடந்தாள்? போன் பண்ணிச் சொல்லுங்கள், டிரைவரிடம் சொல்ல வேண்டும்.