டிக்கிக்குள் உன் சின்ன ஓவன்

டாக்டரிடம் போய்விட்டு ஸ்ரௌவ்விலில் இருக்கிற உன் வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். முன்னால் போன கார் சட்டென்று நின்றது. நானும் பிரேக்கை மிதித்தேன். டிக்கிக்குள் கலகலவென்று ஒரு சத்தம். பின் சீற்றில் உன் அம்மா பேச்சை நிறுத்தினார். பக்கத்தில் குழந்தை இருக்கையில் கட்டுண்டிருந்த உன் மகள் தலையை நிமிர்த்தினாள்.

"உது அதோ தம்பி?" என்றார் உன் அம்மா.

"ஓம் அன்ரி."

நீ போய் இரண்டு மாதமாகிறது. கடிதம் எழுதுகிற ஆள் நான் இல்லை என்பது உனக்குத் தெரியும். நீ இருந்தபோதே உன் மெசேஜுக்கெல்லாம் ஒரு பெருவிரல் படத்தை அனுப்பிவிட்டுப் போனவன். ஆனால் இந்தச் சத்தத்தைப் பற்றி வேறு யாரிடம் பேசுவது? மற்றவர்களுக்கு ஆதியிலிருந்து விளக்க வேண்டும். எனக்கு அவ்வளவு பொறுமை இல்லை.

சனிக்கிழமைக் காலைகளில் உன் கராஜில்தான் இருப்போம். கதவைப் பாதி உயர்த்தி, விசிறியைப் போட்டுவிட்டு, பழைய ஈயத்தை உருக்கி அச்சில் துப்பாக்கிச் சன்னம் வார்ப்பாய். லைசன்ஸ், கிளப், காகித இலக்கு எல்லாம் உன் பைத்தியம். எனக்குத் துப்பாக்கியில் அக்கறை இல்லை. மார்க்கம் நகரில், இரும்பு வேலிகளுக்கும் கதிரைக் கால்களுக்கும் நிறப் பவுடர் பூசிச் சூளையில் சுடுகிற தொழிற்சாலையில் பூச்சைச் சோதிப்பது என் வேலை. வெறும் ஈயம் துப்பாக்கிக் குழாய்க்குள் ஒட்டும், கையிலும் ஒட்டும், மேலே சுட்ட பவுடர்த் தோல் இருந்தால் இரண்டும் இல்லை என்று நீ சொன்ன அன்றைக்குத்தான் நான் கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்தேன்.

உன்னுடைய முறை தயிர் டப்பா. அதற்குள் சன்னங்கள், கொஞ்சம் பவுடர், விளையாட்டுத் துப்பாக்கிக்குப் போடுகிற கறுப்புப் பிளாஸ்ரிக் மணிகள். மூடிக் குலுக்கினால் உராய்வில் மின்னேற்றம் வந்து பவுடர் ஈயத்தில் ஒட்டிக்கொள்ளும். பிறகு ஒவ்வொன்றாகச் சாவணத்தால் கவ்வி எடுத்துத் தட்டில் வைத்து, சின்ன ஓவனில் சுடுவாய்.

"உது என்னடா, மோர் கடையிற மாதிரி? வேலையிலை ஒரு பழைய ஸ்பிறே கன் கிடக்கு. எர்த் குடுத்து ஒழுங்கா அடிப்பம்."

"நீ வேலிக்கு அடிக்கிறவன். இது விரல் நுனியளவு சாமான். ஒவ்வொண்டா நிப்பாட்டி அடிச்சு முடிய என்ர பிள்ளைக்குக் கலியாணம் முடிஞ்சிடும்."

நான் விடவில்லை. கொண்டுவந்தேன். முதல் ஊதலிலேயே அரைவாசிச் சன்னங்கள் சரிந்து கட்டிலுக்கடியில் ஓடுகிற கோலிக்குண்டுகள் மாதிரி மேசைக்குக் கீழே உருண்டன. நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். யூலைப் புழுக்கத்தில் சிரிக்க என் முறை வந்தது. ஈரக் காற்றில் மின்னேற்றம் நிற்காது. நீ குலுக்கிக் குலுக்கிக் கை சோர, பவுடர் சொறி பிடித்தது போலத் திட்டுத்திட்டாக ஒட்டியது. தை மாதக் குளிரில், ஸ்வெற்றரைக் கழற்றினாலே பொறி பறக்கிற நாட்களில்தான் உன் டப்பா நன்றாக வேலை செய்தது. சுட்டு ஆறிய சன்னம் ஒன்றைச் சுத்தியலால் தட்டையாக்கி என் மூக்குக்கு முன்னால் நீட்டுவாய். "பார் விசரா. ஈயம் நசுங்கிட்டுது, தோல் விடேல்லை."

உன் அம்மா வாசலில் நின்று, எனக்குக் கேட்கும்படி சொல்வார். "சன்னத்துக்குப் பயந்து கடல் கடந்து வந்தம். இவன் லீவு நாளிலை இருந்து சன்னம் வாக்கிறான்."

"இது கடதாசியைத்தான் அம்மா சுடும்."

"கடதாசி உனக்கு என்ன செய்தது?"

கராஜுக்கும் வீட்டுக்கும் இடையிலிருந்த கதவுக்கு மறுபக்கம் உன் மகள் நிற்பாள். குலுக்குகிற சத்தத்துக்குக் குதிப்பாள். நிறுத்தினால் கதவில் தட்டுவாள். வேலை முடிந்த பிறகும் அவளுக்காகச் சும்மா குலுக்குவாய். கதவை மட்டும் திறக்கமாட்டாய். மேசையைத் துடைத்து, முழங்கை வரை கழுவி, சேர்ட்டை மாற்றிய பிறகு, ஈயம் பட்டால் சிவக்கிற சோதனைக் குச்சி ஒன்றை மேசையில் தேய்த்துப் பார்ப்பாய். சிவக்காவிட்டால், "சரி, இப்ப நான் அப்பா" என்று சொல்லிவிட்டுத்தான் உள்ளே போவாய்.

அந்த ஓவனில்தான் வார்ப்பு அச்சையும் சூடாக்கினாய். சாப்பாட்டுக்கு இல்லை என்று அதன் முகத்தில் தடித்த மார்க்கரால் இங்கிலிஷில் எழுதியும் வைத்தாய்.

பங்குனியில் ஒரு காலை, வேலைக்குப் போகச் சப்பாத்து மாட்டிக்கொண்டிருந்த நீ அப்படியே சரிந்தாய். பிறந்ததிலிருந்து இதயத்தில் இருந்த ஒரு குறை, யாரும் கண்டுபிடிக்காதது என்றார்கள். ஈயத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. நீ தவறாமல் இரத்தம் சோதித்துக்கொண்டவன். இதை உன் அம்மாவுக்கு எத்தனை தரம் சொல்லிவிட்டேன். தலையாட்டுவார். அடுத்த நாள் திரும்பக் கேட்பார்.

எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவுக்கு உனக்குப் பிடித்ததெல்லாம் சமைத்துப் படைத்தார்கள். அதற்குப் பிறகும் ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். வருகிறவர்களை வெறும் வாயோடு அனுப்பக்கூடாது என்பது உன் வீட்டுச் சட்டம், செத்த வீட்டிலும். ஒரு பின்னேரம் தேத்தண்ணிக் கோப்பைகளை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போனேன். மேடையில் உன் ஓவன் பளபளவென்று இருந்தது. மார்க்கர் எழுத்து ஒன்றுகூட இல்லை. உள்ளே மரக்கறி ரோல்ஸ் சூடாகிக்கொண்டிருந்தன.

"நல்ல சாமான் தம்பி, கராஜிலை சும்மா கிடந்தது," என்றார் உன் அம்மா. "ஏதோ கிறுக்கி வைச்சிருந்தவன், எல்லாம் உரஞ்சிக் கழுவிப்போட்டன். பிள்ளைக்குக் காலமையிலை பாண் வாட்டிக் குடுக்கவும் வசதி."

வயரைப் பிடுங்கினேன். ரோல்ஸைக் குப்பையில் கொட்டினேன். உன் கராஜ் மேசை லாச்சியில் மிச்சமிருந்த குச்சி ஒன்றை எடுத்து வந்து தட்டின் மடிப்புக்குள் தேய்த்தேன். சிவந்தது. வேறு ஒருவனாக இருந்தால் தனியாகக் கூப்பிட்டுப் பக்குவமாகச் சொல்லியிருப்பான். எனக்கு அது வராது.

"அன்ரி, இதிலை ஈயம் கிடக்கு. பிள்ளைக்கு நஞ்சு."

ஹோலில் வந்தவர்களோடு இருந்த உன் மனுசி, பிள்ளையின் தாய், எழுந்து வந்து குசினி வாசலில் நின்றாள். உன் அம்மா குச்சியைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார்.

"என்ர பிள்ளை தொட்ட சாமான் என்ர பேத்திக்கு நஞ்சோ?"

"ஓம்," என்றேன்.

வேறு எதைச் சொல்வது? நீயே சொல்லு. பூச்சு எத்தனை டிகிரியில் எவ்வளவு நேரம் வேகவேண்டும் என்று கேட்டால் நித்திரையிலும் சொல்லுவேன். இதற்கு என்னிடம் இருந்தது அந்த ஒரு சொல்தான்.

இரண்டு குப்பைப் பைகளை விரித்து ஓவனைக் கட்டப் போனேன். உன் அம்மா தடுத்தார். கராஜுக்குப் போய், மூடி இறுக்கியிருந்த உன் தயிர் டப்பாவை மணிகளோடு எடுத்து வந்து ஓவனுக்குள் வைத்தார். "இதுவும் அதோட இருக்கட்டும். எங்கயாவது கொண்டுபோய் வை. எறியாதை." நச்சுக் கழிவு எடுக்கிற இடத்துக்கு இரண்டு தரம் போனேன். வரிசையில் நின்றுவிட்டு, என் முறை வரமுதல் காரைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன். இன்னும் டிக்கியிலேயே கிடக்கிறது.

அன்றிலிருந்து உன் அம்மா மகளைத் தூக்க முதல் முழங்கை வரை கழுவுகிறார். சவர்க்காரம் போட்டு, திரும்பவும் போட்டு. தோல் உரிந்துவிட்டது. ஓவன்தான் போய்விட்டதே, இனிக் கழுவத் தேவையில்லை என்றேன். "அவனும் கழுவினவன்தானே," என்றார்.

இன்றைக்கு மகளின் இரத்தச் சோதனை முடிவு சொன்னார்கள். ஈயத்தின் அளவு குறைவு, பயப்படத் தேவையில்லை, சில மாதம் கழித்து இன்னொரு தரம் பார்ப்போம் என்றார் டாக்டர். உன் மனுசி வேலைக்குப் போயிருந்ததால் நான்தான் தமிழில் சொன்னேன். காரில் ஏறியதும் உன் அம்மா தொடங்கினார்.

"பயப்பிடத் தேவையில்லையெண்டால் ஏன் திரும்ப வரச் சொன்னவர்?"

"இன்னும் குறையுதோ எண்டு பாக்க அன்ரி."

"அப்ப கிடக்கு."

"கொஞ்சம். எல்லாரிலும் கொஞ்சம் கிடக்கும்."

"எல்லாருக்கும் நானோ வாட்டிக் குடுத்தனான்?"

சுத்தியலால் அடித்துப் பார்த்து, தோல் விடவில்லை என்று காட்ட முடிந்தால் காட்டியிருப்பேன். ஸ்ரியரிங்கைப் பிடித்துக்கொண்டு ஓட்டினேன். அப்போதுதான் முன்னால் போன கார் நின்றது.

சத்தம் கேட்டுத் தலை நிமிர்த்திய உன் மகள், "அப்பா" என்றாள். அழவில்லை. எங்கள் இரண்டு பேருக்கும் செய்தி சொல்வது போல, "அப்பா கராஜிலை," என்றாள். கால்களை ஆட்டத் தொடங்கினாள்.

லைற் பச்சையாகியது. மெதுவாக எடுத்தேன். ஆடாமல், குலுங்காமல், முட்டைப் பெட்டி ஏற்றியவன் மாதிரி. டிக்கியில் சத்தமில்லை. அவள் கொஞ்சம் பார்த்தாள். பிறகு என் சீற்றின் முதுகில் சப்பாத்துக் காலால் தட்டினாள். டக், டக். கதவில் தட்டுவாளே, அப்படி.

கண்ணாடியில் உன் அம்மாவைப் பார்த்தேன். உரிந்த கையால் அவளுடைய காலைப் பிடிக்கப் போனவர், பிடிக்காமல் கையை மடியில் வைத்துக்கொண்டார். டக், டக். உன் வீட்டுப் பக்கத்து வீதியில், பனிகாலம் தோண்டிவிட்டுப் போன பள்ளங்களை இன்னும் மூடவில்லை. ஒன்றை விலத்தினேன். இரண்டாவதையும் விலத்தினேன்.

"தம்பி," என்றார் உன் அம்மா, வெளியே பார்த்தபடி. "அடுத்த பள்ளத்திலை கொஞ்சம் ஏத்து."

ஏற்றினேன்.