விழுந்த விமானமும் மொட்டை வேண்டுதலும்

ஈஜிபுரா, பெங்களூர்
18.7.1999

அன்புள்ள அம்மாவுக்கு, மோகன்ராம் வணங்கி எழுதுவது. என் கை உடையவில்லை என்பது கையெழுத்தைப் பார்த்தாலே தெரியும். உங்கள் ரத்தக் கொதிப்பு இறங்கியதா?

நான் விழுந்தது கம்ப்யூட்டருக்குள் ஓடும் விமானத்திலிருந்து. அறைத் தோழன் சுஹாஸ் எஸ்.பி. ரோட்டில் வாங்கிவந்த விளையாட்டு அது. எனக்குக் கிளப்பத் தெரிகிறது, இறக்கத்தான் வரவில்லை. அந்த நேரம் பார்த்து நீங்கள் போன் செய்ய, அவன் எடுத்து, "ஏரோப்ளேன் ஓட்டி விழுந்துட்டான் ஆன்ட்டி, மறுபடி ஏறப் போறான்" என்றிருக்கிறான். நீங்கள் மீதியைக் கேட்காமலே போனை வைத்துவிட்டு, எனக்கு மொட்டை போடுவதாகத் திருத்தணி முருகனிடம் வேண்டிக்கொண்டீர்களாம். தங்கை சொன்னாள்.

நேற்று அந்த விமானத்தை நம் அரக்கோணம் வரை ஓட்டிப்போனேன். நம் தெரு இருக்க வேண்டிய இடத்தில் வெறும் பச்சைத் தரைதான் இருந்தது. ஆனாலும் கொஞ்ச நேரம் அங்கேயே சுற்றிக்கொண்டிருந்தேன். பருப்புப்பொடி தீர்ந்துவிட்டது, அரைத்து வையுங்கள்.

வேண்டுதலை மட்டும் தயவுசெய்து மாற்றிவிடாதீர்கள். பொங்கலுக்கே லீவு தராத மேனேஜர், சாமி காரியம் என்றதும் மூன்று நாள் கொடுத்துவிட்டார். அடுத்த வெள்ளிக்கிழமை வருகிறேன்.

கரண்ட் வந்துவிட்டது, நிறுத்துகிறேன்.

இப்போதைக்குத் தலை நிறைய முடியுள்ள உங்கள் மகன்,
மோகன்ராம்